நீளம் டேலி ஆனா போதுமா?

போன பதிவு ஜி.எஸ்.டி. பற்றி. அதற்கு முந்தையது எங்கள் மெஸ் சாம்பார் பற்றி. இந்தத் தடவை சர்க்யூட் போர்டு. "பி.காம் படிக்கிற உனக்கு எதுக்குடா இந்த வேண்டாத வேலை?" என்று கேட்கத் துடிக்கும் வகுப்புத் தோழர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பல்கலைக்கழக எலக்ட்ரானிக்ஸ் கிளப்புக்கு நான்தான் பொருளாளர். அவர்கள் போர்டு வரைவார்கள், நான் காசு எண்ணுவேன். ஒரே போர்டுக்கு இரண்டாம் தடவை காசு கேட்டால் ஏன் என்று கேட்பது என் வேலை. அப்படிக் கேட்கப் போய், அவர்கள் சொன்னது புரியாமல் புத்தகங்களைப் புரட்டப் போய், கடைசியில் எனக்கே இதில் ஒரு கருத்து வந்துவிட்டது.

கருத்து இதுதான். போர்டு வரையும் மென்பொருளில் இரண்டு கோடுகளை ஜோடியாக இழுக்க ஒரு பொத்தான் இருக்கிறது. இரண்டும் ஒரே நீளம் என்று அது பச்சை விளக்கு காட்டியதும் நம் பசங்க வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடுகிறார்கள். அந்தப் பச்சை விளக்கை நம்பித்தான் கிளப்பின் காசு கரைகிறது. அதற்குக் காரணம் மென்பொருள் இல்லை, அந்தப் பொத்தானை நாம் கற்றுக்கொள்ளும் விதம் என்பது என் கட்சி.

எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் அடுத்த நாலு பத்தியைத் தாண்டிக் குதிக்கலாம். என்னைப் போன்ற வணிகவியல் ஆட்களுக்காக ஒரு சின்ன விளக்கம்.

ஒரு கம்பியில் சிக்னல் அனுப்பினால், வழியில் அக்கம்பக்கத்துச் சத்தம் எல்லாம் அதில் ஏறிக்கொள்ளும். வாங்குகிற பக்கத்துக்கு எது சிக்னல், எது சத்தம் என்று தெரியாது. அதனால் இரண்டு கம்பி போடுகிறார்கள். ஒன்றில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் அதே அளவு இறங்கும். வாங்குகிறவன் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்ப்பான். சத்தம் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறுவதால், கழிக்கும்போது காணாமல் போய்விடும். நமக்குப் பழகிய பாஷையில் சொன்னால் இரட்டைப் பதிவு முறை. ஒரு பக்கம் பற்று, மறுபக்கம் அதே தொகைக்கு வரவு.

யோசனை புதிது இல்லை. டெலிபோன் புகழ் அலெக்சாண்டர் கிரஹாம் பெல், இரண்டு கம்பிகளை முறுக்கிப் போடும் முறைக்கு 1881-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். இன்று யு.எஸ்.பி., ஈதர்நெட், எச்.டி.எம்.ஐ., லேப்டாப்புக்குள் இருக்கும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் எல்லாம் இதே தத்துவத்தில்தான் ஓடுகின்றன. போர்டில் முறுக்க முடியாது என்பதால் இரண்டு செப்புக் கோடுகளை அருகருகே ஓட்டுகிறார்கள். இதற்குப் பெயர் டிஃபரென்ஷியல் பேர். தமிழில் எழுதினால் 'பேர்' என்பதைப் பெயர் என்று படித்துத் தொலைப்பீர்கள், அதனால் இனிமேல் ஜோடி என்றே எழுதுகிறேன்.

இந்த ஜோடியைக் கையால் இழுப்பது பெரிய இம்சை. ஒரு கோட்டை நகர்த்தினால் மற்றதையும் நகர்த்த வேண்டும், இடைவெளி மாறக் கூடாது. அதற்குத்தான் பொத்தான். எங்கள் கிளப்பில் எல்லோரும் பயன்படுத்தும் கிகேட் மென்பொருளில், இரண்டு இணைப்புகளுக்கும் ஒரே பெயர் வைத்து கடைசியில் ஒன்றுக்கு பிளஸ், மற்றதுக்கு மைனஸ் போட்டால் அவை ஜோடி என்று அது புரிந்துகொள்ளும். விசைப்பலகையில் 6-ஐ அழுத்தி ஒரு முனையைத் தொட்டால் போதும், இரண்டு கோடும் ரயில் தண்டவாளம் மாதிரி சேர்ந்தே வரும். நீளம் குறைந்த கோட்டில் பாம்பு மாதிரி வளைவு போட்டு நீட்டவும் தனி வசதி உண்டு.

இந்த வசதி இலவசமாகக் கிடைப்பதே பெரிய விஷயம், அதைச் சொல்லாமல் குறை மட்டும் சொன்னால் பாவம். கிகேட்டை 1992-ல் பிரான்சைச் சேர்ந்த ஷான் பியர் ஷராஸ் ஆரம்பித்தார். அணுத்துகள் ஆராய்ச்சி செய்யும் செர்ன், 2013 முதல் இதற்கு ஆளும் உழைப்பும் கொடுத்தது. 2015 கடைசியில் வந்த நான்காம் பதிப்பில், மற்ற கோடுகளைத் தள்ளிக்கொண்டு போகும் ரவுட்டரும் ஜோடி இழுக்கும் வசதியும் நீளம் சரிசெய்யும் வசதியும் வந்துவிட்டன. அதற்கு முன் மாணவர்கள் அதிகம் பயன்படுத்திய ஈகிளின் இலவசப் பதிப்பில் போர்டு அளவுக்கும் அடுக்குகளுக்கும் கட்டுப்பாடு இருந்தது. பணக்கார கம்பெனியின் மேசையில் இருந்த கருவி ஹாஸ்டல் லேப்டாப்புக்கு வந்துவிட்டது. ஆனால் அதைப் பயன்படுத்துகிறவருக்கு இருந்த படிப்பு கூடவே வரவில்லை. என் புலம்பல் அங்கேதான் தொடங்குகிறது.

இப்போது எங்கள் கதை. கிளப்பில் ஒன்பது பேர் சேர்ந்து ஒரு யு.எஸ்.பி. ஹப் போர்டு செய்தார்கள். நாலு சாக்கெட், நடுவில் ஒரு சிப். இரண்டு அடுக்கு போர்டு, 1.6 மி.மீ தடிமன், அதாவது கடையில் சும்மா கேட்டால் கொடுக்கும் சாதாரண ரகம். சாக்கெட்டிலிருந்து சிப் வரை ஜோடி சுமார் 7 செ.மீ ஓடியது. ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாம்பு வளைவு போட்டு, இரண்டு கோட்டின் நீளத்தையும் 0.01 மி.மீ வரைக்கும் சமமாக்கினார்கள். மென்பொருளின் டிசைன் ரூல் செக், சுருக்கமாக டி.ஆர்.சி., ஒரு பிழைகூட இல்லை என்றது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். நானும் கைதட்டும் பொம்மை போட்டேன்.

போர்டு வந்தது. விசைப்பலகை வேலை செய்தது, மவுஸ் வேலை செய்தது. பென் டிரைவ் செருகிப் பெரிய கோப்பைக் காப்பி செய்தால் பாதியில் துண்டித்துக்கொண்டது. ஒரு நாள் ஓடும், மறுநாள் ஓடாது. ஒரு கேபிளில் ஓடும், இன்னொன்றில் ஓடாது. சாலிடரிங் சரியில்லை என்றார் ஒருவர், சிப் போலி என்றார் இன்னொருவர். கடைசியில் "இன்னொரு தடவை அடிச்சுப் பாத்துடலாம் மாப்ள, தலைக்கு 400 போடச் சொல்லு" என்று என்னிடம் வந்தார்கள். அதே டிசைனை இன்னொரு தடவை அடித்தால் எப்படி வேறு மாதிரி வரும் என்று கேட்டேன். யாரிடமும் பதில் இல்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் சீனியர் அக்கா ஒருவர் வந்திருந்தார். படிப்பு முடித்து இதே வேலையில் இருப்பவர். அவரிடம் பெருமையாக நீளக் கணக்கைக் காட்டினார்கள். அவர் அதைப் பார்க்கவே இல்லை. மூன்றே கேள்விதான் கேட்டார். "எவ்ளோ வேகம்? போர்டு அடுக்கு எப்படி? கோட்டுக்குக் கீழ என்ன இருக்கு?" முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் வந்தது.

அந்த மூன்று கேள்வியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால், நீளம் எவ்வளவு சின்ன விஷயம் என்று புரியும்.

முதலில் வேகம். யு.எஸ்.பி. 2.0-வின் அதிகபட்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட். அப்படியென்றால் ஒரு பிட் நீடிக்கும் நேரம் சுமார் 2,083 பிக்கோ நொடி. பிக்கோ நொடி என்பது ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. சாதாரண போர்டில் சிக்னல் 1 மி.மீ நகர சுமார் 6 முதல் 7 பிக்கோ நொடி ஆகும். ஆக ஜோடியில் ஒரு கோடு 1 மி.மீ நீளமாகவே இருந்தாலும், அதனால் வரும் தாமதம் ஒரு பிட்டின் முந்நூறில் ஒரு பங்குதான். நம் ஆட்கள் ராத்திரி முழுக்க சண்டை போட்டது 0.01 மி.மீ-க்கு. அது பிட்டின் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. 30,000 ரூபாய் கணக்கில் 1 ரூபாய் உதைக்கிறது என்று ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். எங்கள் பாடத்தில் மெட்டீரியாலிட்டி என்று ஒரு கோட்பாடு உண்டு. முடிவை மாற்றாத தொகைக்காக உயிரை விடாதே என்பதுதான் அதன் சாரம்.

இன்னும் ஒரு படி கீழே போவோம். நாம் ப்ராஜெக்டுக்கு வாங்கும் அர்டுயினோ யூனோவும் ராஸ்பெர்ரி பை பிக்கோவும் யு.எஸ்.பி.யில் பேசுவது வெறும் 12 மெகாபிட் வேகத்தில். அங்கே ஒரு பிட் 83 நானோ நொடி நீடிக்கும். அதற்கும் பாம்பு வளைவு போட்டு வைத்திருக்கும் போர்டுகளைப் பார்த்திருக்கிறேன். சைக்கிளுக்கு ஏர்பேக் மாட்டிய மாதிரி இருக்கும்.

அதற்காக நீளமே வேண்டாம் என்று சொல்லவில்லை. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் நான்காம் தலைமுறையில் ஒரு பிட் 62.5 பிக்கோ நொடிதான். அங்கே 1 மி.மீ தவறினால் பிட்டில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். அந்த வேகத்தில் போர்டுக்குள் இருக்கும் கண்ணாடி இழை நெசவுகூடக் கணக்கில் வரும். ஒரு கோடு இழையின் மேலும், மற்றது பிசினின் மேலும் ஓடினால், நீளம் ஒன்றாக இருந்தும் இரண்டும் வேறு வேறு நேரத்தில் போய்ச் சேரும். ஆக எத்தனை மில்லிமீட்டர் வரை பொறுக்கலாம் என்பதை வேகம்தான் சொல்ல வேண்டும். மென்பொருள் எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறது என்பது அதற்கு அளவுகோல் ஆகாது.

இரண்டாவது கேள்வி, அடுக்கு. இதில்தான் எங்கள் முதல் போர்டின் காசு போனது. சிக்னல் ஒரு கோட்டுக்குள் நுழையும்போது அதற்கு ஒரு எதிர்ப்பு தெரியும், அதை இம்பீடன்ஸ் என்கிறார்கள். கோட்டின் அகலம், இரண்டு கோட்டுக்கும் உள்ள இடைவெளி, கீழே இருக்கும் கிரவுண்ட் தகடு எவ்வளவு தூரம், நடுவில் என்ன பொருள், இதெல்லாம் சேர்ந்து அதை முடிவு செய்யும். யு.எஸ்.பி. 2.0 ஜோடிக்கு அது 90 ஓம் இருக்க வேண்டும், 15 சதவீதம் முன்னே பின்னே போகலாம். ஈதர்நெட்டுக்கு 100. நாலு வழிச் சாலை திடீரென்று சந்தாக மாறினால் என்ன ஆகும்? இம்பீடன்ஸ் மாறும் இடத்தில் சிக்னலில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும்.

கிகேட்டில் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது எடுத்துக்கொள்ளும் அளவு, அகலம் 0.2 மி.மீ, இடைவெளி 0.25 மி.மீ. எங்கள் பசங்க அதைத் தொடவே இல்லை. கிரவுண்ட் தகடு 1.6 மி.மீ கீழே இருக்கும் போர்டில் அந்த அளவைப் போட்டுக் கணக்குப் பார்த்தால், 90 ஓமுக்குப் பதில் ஒன்றரை மடங்குக்கும் மேல் வருகிறது. 150 என்றே வைத்துக்கொள்வோம். 90-லிருந்து 150-க்குள் நுழையும்போது சிக்னலில் கால் பங்கு திரும்பி வரும். கோடு 1 செ.மீ என்றால் இது பெரிதாகத் தெரியாமலே போயிருக்கும், ஏனென்றால் சிக்னல் ஏறி முடிப்பதற்குள் எதிரொலி வந்து அடங்கிவிடும். 7 செ.மீ என்பதால் தெரிந்துவிட்டது. விசைப்பலகையும் மவுஸும் மெதுவான வேகத்தில் பேசுவதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. பென் டிரைவ் 480-க்குத் தாவியதும் மாட்டிக்கொண்டது. இதில் சாலிடரிங் மேல் ஒரு தப்பும் இல்லை, பாவம் அந்தப் பையன் ஒரு வாரம் திட்டு வாங்கினான்.

தடிமனான இரண்டு அடுக்கு போர்டில் இது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு கணக்கு. 1.6 மி.மீ தடிமனில் ஒற்றைக் கோடு 50 ஓம் வர வேண்டுமென்றால் அதன் அகலம் சுமார் 3 மி.மீ இருக்க வேண்டும். நாலு அடுக்கு போர்டில் கிரவுண்ட் தகடு 0.2 மி.மீ கீழேயே வந்துவிடுவதால் அதே வேலைக்கு 0.4 மி.மீ-க்கும் குறைவான கோடு போதும். இரண்டு அடுக்கிலும் முடியும்தான். கோட்டை அகலமாக்கி, இடைவெளியைக் குறைத்து, இரு பக்கமும் கிரவுண்டை நெருக்கிக் கொண்டுவர வேண்டும். ஆனால் கணக்குப் போட்ட பிறகு செய்ய வேண்டிய வேலை அது. பொத்தான் தானாகச் செய்து தராது.

மூன்றாவது கேள்வி, கீழே என்ன இருக்கு. இரண்டாம் தடவை நாலு அடுக்கு போட்டார்கள், அகலத்தையும் கணக்குப் போட்டார்கள், அது கால் மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டியது. டி.ஆர்.சி. மறுபடியும் பச்சை. ஆர்டர் போடுவதற்கு முன் அக்காவிடம் காட்டச் சொன்னேன். அவர் மேல் அடுக்கை மறைத்துவிட்டு இரண்டாம் அடுக்கைத் திறந்தார். அங்கே தகடு ஒன்றாக இல்லை. ஒரு பாதி 3.3 வோல்ட், மறுபாதி 5 வோல்ட், நடுவில் ஒரு பிளவு. எங்கள் ஜோடி சரியாக அந்தப் பிளவைத் தாண்டிப் போனது.

"ஜோடிதானே அக்கா, ஒண்ணுல போறது இன்னொண்ணுல திரும்பி வந்துடும், கீழ எது இருந்தா என்ன?" என்று ஒருவர் கேட்டார். நம் ஊரில் மட்டுமல்ல, எங்கும் பரவிக் கிடக்கும் நம்பிக்கை இது. முறுக்கிய கம்பியில் அது கிட்டத்தட்ட உண்மை, ஏனென்றால் அங்கே இரண்டு கம்பியைத் தவிர பக்கத்தில் வேறு ஒன்றும் இல்லை. போர்டில் கதை வேறு. ஜோடியின் இரண்டு கோடும் ஒன்றுக்கொன்று இருக்கும் தூரத்தைவிடக் கீழே இருக்கும் தகடு கிட்டத்தில் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு கோட்டின் திரும்பும் மின்னோட்டமும் பெரும்பாலும் அதனதன் அடியில் தகட்டில்தான் ஓடுகிறது. தகடு அறுந்தால் அந்த ஓட்டம் சுற்றி வழி தேட வேண்டும். இம்பீடன்ஸ் அந்த இடத்தில் குதிக்கும், சத்தமும் வெளியே கசியும். ஆற்றின் மேல் பாலத்தை மட்டும் பளபளப்பாகக் கட்டிவிட்டுத் தூணைப் பாதியில் நிறுத்திய கதை.

இரண்டாம் அடுக்கை முழுக்க கிரவுண்டாக மாற்றினார்கள். மாற்ற ஆனது அரை மணி நேரம். மாற்றாமல் ஆர்டர் போட்டிருந்தால் மூன்றாம் தடவை தலைக்கு 400 கேட்டு நான் ஒன்பது பேர் வாசலில் நின்றிருப்பேன். அந்த போர்டு இப்போது எங்கள் லேபில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது இருப்பாய்வு. டிரையல் பேலன்ஸ் என்று ஆங்கிலத்தில் சொல்வதுதான். முதல் வருடத்திலேயே எங்கள் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுப்பார்கள்: இருப்பாய்வு டேலி ஆனால் கணக்கு சரி என்று அர்த்தம் இல்லை. பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் சமம், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அது காட்டிக்கொடுக்காத பிழைகள் என்று ஒரு பட்டியலே உண்டு, பரீட்சையில் வருடா வருடம் கேட்பார்கள். டி.ஆர்.சி.க்கும் அதே பட்டியல் அப்படியே பொருந்துகிறது.

விடுபிழை. ஒரு விற்பனையை ஏட்டில் எழுதவே இல்லை என்றால் இரண்டு பக்கமும் சமமாகக் குறையும், டேலி ஆகிவிடும். 90 ஓம் வேண்டும் என்று மென்பொருளிடம் யாரும் சொல்லவே இல்லை. சொல்லாததை அது எப்படிச் சோதிக்கும்?

விதிப்பிழை. புது இயந்திரம் வாங்கியதைப் பழுதுபார்ப்புச் செலவில் எழுதினால் தொகை சரி, இடம் தவறு. 0.25 மி.மீ இடைவெளி வேண்டும் என்ற விதியை எங்கள் கோடுகள் நூறு சதவீதம் மதித்தன. அந்த போர்டுக்கு அந்த விதியே தவறு.

ஈடுசெய் பிழை. ஒரு இடத்தில் நூறு கூட்டி, இன்னொரு இடத்தில் நூறு குறைத்தால் ஒன்றை ஒன்று மறைக்கும். 0.2, 0.25 அளவுள்ள ஜோடி ஒரு 45 டிகிரி திரும்பினால் வெளிப்பக்கக் கோடு சுமார் 0.37 மி.மீ கூடுதலாக ஓடும். அந்தத் திருப்பத்திலேயே சரிசெய்ய வேண்டும், அல்லது உடனே எதிர்ப்பக்கம் ஒரு திருப்பம் வர வேண்டும். பலர் செய்வது என்ன? கோட்டின் மறுகோடியில் காலி இடம் பார்த்துப் பாம்பு வளைவு போடுகிறார்கள். மொத்த நீளம் டேலி. ஆனால் நடுவில் இருந்த தூரம் முழுக்க இரண்டு சிக்னலும் கால் மாறி நடந்துகொண்டிருந்தன. அந்தத் தூரத்தில் சத்தத்தைக் கழிக்கும் கணக்கு சரியாக நடக்கவில்லை.

நாலாவதாக நானே ஒன்று சேர்க்கிறேன். யு.எஸ்.பி. டைப் சி சாக்கெட்டில் எந்தப் பக்கம் செருகினாலும் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக இரண்டு பிளஸ், இரண்டு மைனஸ் கால்கள் மாறி மாறி வரும். மைனஸ், பிளஸ், மைனஸ், பிளஸ். ஒரே பெயருள்ள கால்களை இணைக்க ஒரு கோடு இன்னொன்றைத் தாண்டியே ஆக வேண்டும். அங்கே பொத்தான் திருதிரு என்று விழிக்கும். கடைசி சில மில்லிமீட்டரைக் கையால்தான் முடிக்க வேண்டும். ஏன் செய்கிறோம் என்று தெரிந்தவர் அந்த இடத்தை முடிந்த அளவு சின்னதாக்கிவிட்டு நிம்மதியாகத் தாண்டுவார். பொத்தானை மட்டும் தெரிந்தவர் அங்கே ஒரு நாள் உட்கார்ந்திருப்பார்.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிளப் செயலாளர் வாதம் இது: "மென்பொருள் வாத்தியார் இல்லடா. சுத்தியல் வாங்குனா அது ஆணி எங்க அடிக்கணும்னு சொல்லுமா?" நியாயம்தான். கிகேட்டோடு ஒரு கால்குலேட்டரும் சேர்ந்தே வருகிறது, அதில் ஜோடிக் கோட்டின் இம்பீடன்ஸைப் போட்டுப் பார்க்கலாம். ஜோடி எவ்வளவு தூரம் பிரிந்து ஓடலாம், எவ்வளவு நீளம் தவறலாம் என்று நாமே விதி எழுதவும் அதில் வழி இருக்கிறது. சிப் தயாரிப்பாளர்களின் தாள்களில் எத்தனை ஓம் என்று எழுதியே இருக்கும். போர்டு அடித்துக் கொடுப்பவர்கள் பலர் தங்கள் அடுக்கு அளவுகளைத் தளத்திலேயே போட்டிருக்கிறார்கள். எல்லாம் இலவசம். படிக்காதது நம் தப்பு என்பது அவர் கட்சி.

நான் அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். சுத்தியல் ஆணி எங்கே என்று சொல்லாது, சரி. ஆனால் சுத்தியல் "ஆணி சரியாக இறங்கியது, பிழை பூஜ்யம்" என்று சான்றிதழும் கொடுக்காது. இந்த மென்பொருள் கொடுக்கிறது. அது சொல்வது "நீ சொன்ன விதிகளில் பிழை இல்லை" என்று, நாம் படிப்பது "போர்டில் பிழை இல்லை" என்று. இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் மாணவர்கள் விழுகிறார்கள். பெரிய கம்பெனியில் விழுந்தால் தூக்கிவிட அனுபவஸ்தர் இருப்பார், இன்னொரு தடவை அடிக்கப் பணமும் இருக்கும். ஹாஸ்டல் பையனுக்கு இரண்டும் இல்லை. இலவசக் கருவி யாருக்கு அதிகம் உதவுகிறதோ, அவர்களுக்குத்தான் அந்தப் பச்சை விளக்கு அதிகம் செலவு வைக்கிறது.

சொல்லிக் கொடுக்கும் முறையிலும் கோளாறு இருக்கிறது. பட்டறை என்று இரண்டு நாள் நடத்துகிறார்கள். முதல் நாள் மென்பொருளை நிறுவுவது, இரண்டாம் நாள் எந்த விசை எதற்கு என்பது. மதிப்பெண் கடைசியில் வரும் படத்துக்கு. கோடுகள் தண்டவாளம் மாதிரி இருந்தால் முழு மதிப்பெண். எங்கள் பாடத்தில் இருப்பாய்வை மட்டும் எழுதிவிட்டு இதைக் காட்டிக்கொடுக்காத பிழைகள் எவை என்ற கேள்வியைத் தாளிலிருந்து எடுத்துவிட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது.

ஆகவே மகாஜனங்களே, பொருளாளர் என்ற ஒரே அதிகாரத்தை வைத்து எங்கள் கிளப்பில் ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். போர்டு அடிக்கக் காசு கேட்டு வருகிறவர்கள் ஒரு தாளில் மூன்று வரி எழுதிக்கொண்டு வர வேண்டும். என்ன வேகம், அதனால் எத்தனை மி.மீ வரை நீளம் தவறலாம். எந்த அடுக்கு, எத்தனை ஓம், அதற்கு என்ன அகலம், என்ன இடைவெளி. ஜோடிக்குக் கீழே முழு நீளத்துக்கும் தகடு அறுபடாமல் இருக்கிறதா. மூன்று வரி இருந்தால் கையெழுத்து. ஸ்கிரீன்ஷாட் மட்டும் கொண்டுவந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். வேகம் 12 மெகாபிட், கோடு 2 செ.மீ, கவலைப்பட ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டு வந்தாலும் சந்தோஷம்தான். யோசித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விடுவதும் பொறியியல்தானே.

"பி.காம்காரன் எங்களை ஆடிட் பண்றியா?" என்று ஒரு முணுமுணுப்பு கேட்கிறது. பஞ்சாலையை ஆடிட் செய்கிறவருக்கு நூல் நூற்கத் தெரிய வேண்டியதில்லை நண்பர்களே. கணக்கு டேலி ஆன பிறகும் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் யாராவது வந்து, எங்கே உதைக்கிறது என்று பின்னூட்டத்தில் சொன்னால் கும்பிட்டு ஏற்றுக்கொள்கிறேன். நாலாவது கேள்வி ஒன்று இருக்க வேண்டும் என்று தோன்றினால் அதையும் சொல்லுங்கள், தாளில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. அடுத்த பதிவு மறுபடியும் மெஸ் பற்றி, இந்த முறை ரசம்.